பேரனுக்கு ஒரு பிடி புத்தி

ஆவிக்குரிய வாழ்க்கைல வளரணும், என்ன செய்யணும் தாத்தான்னு கேட்ட. நல்ல ஆளாப் பாத்துதான் கேட்டிருக்க. ஐயரு பிரசங்கத்துல ரெண்டாவது பாயின்ட்டுக்கு வாரதுக்குள்ள கண்ணு சொக்கிப்போற ஆளு நான். இருந்தாலும் கேட்டுட்ட, சொல்லுதேன். உக்காரு. அந்தச் செல்லைக் கவுத்தி வை.

முதல்ல நல்ல பைபிளா ஒண்ணு வாங்கு. தோல் உறை, சுத்திலும் ஜிப்பு, தாளு ஓரத்துல தங்க மினுக்கு. உள்ள நாலு கலர்ல கோடு போடு. கோடு போட்டாப் போதும், படிச்சே ஆகணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. காலைல அஞ்சு மணிக்குச் சூரியகாந்திப் பூ படத்தோட சொந்தக்காரன் பூராப் பேருக்கும் ஒரு வசனம் அனுப்பு. அனுப்பிட்டுத் திரும்பிப் படுத்துக்கோ. நீ எந்திரிக்கதுக்குள்ள நாப்பது பேரு ஆமென் போட்டிருப்பான். அவனும் படிச்சிருக்க மாட்டான், கவலைப்படாத.

ஜெபம் பண்ணும்போது குரலை மாத்திக்கோ. நம்ம ஊருப் பேச்சுல கேட்டா ஆண்டவருக்கு விளங்காது. கன்வென்ஷன் மேடைல பேசுதாவ பாரு, அந்தக் கரகரப்பு வேணும். அவரு செவிடு இல்லன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனா பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கேக்கணும்லா.

வெள்ளிக்கிழமை உபவாசம் இரி. இருந்தா மட்டும் போதாது, ஊருக்குத் தெரியணும். அதுக்கு ஒரு வழி இருக்கு. டீக்கடைல யாராவது வடையை நீட்டினா, 'வேண்டாம் அண்ணாச்சி, இன்னைக்கு நான்...'ன்னு பாதில நிறுத்திரு. மிச்சத்தை அவரே ஊரு பூரா சொல்லிருவாரு. சாயங்காலம் நீ உபவாசம் முடிக்கதுக்கு மூணு மணில இருந்து உன் வீட்டுக்காரி அடுப்படில நிப்பா. அவ சாப்பிட்டாளா இல்லையான்னு கேட்டுறாத. அது உலகப் பிரகாரமான காரியம்.

வருஷப் பிறப்பு ராத்திரி கோயில்ல வாக்குத்தத்த அட்டை எடுப்பம்லா, அதுலயும் கவனம் வேணும். ஆசீர்வாதம், பெருக்கம், வாலாகாமத் தலையாகிறதுன்னு வந்தா மடிச்சுப் பையில வச்சுக்கோ. பொறுமையா இரு, மன்னிச்சு விடுன்னு வந்துட்டா தட்டுல திருப்பிப் போட்டுட்டு இன்னொண்ணு எடு. உங்க பெரியத்தை போன வருஷம் மூணு அட்டை மாத்தினா. கோயில்பிள்ளை பாத்துக்கிட்டேதான் நின்னான், ஒண்ணும் சொல்லல. அவன் இது மாதிரி எத்தனை பேரைப் பாத்திருப்பான்.

இதெல்லாம் விடாமச் செஞ்சா ஒரே வருஷத்துல வளந்து சபை எலெக்ஷன்ல நிக்கலாம். அதுக்கு மேலயும் வளரணும்னாத்தான் கொஞ்சம் கஷ்டம்.

பவுலு கலாத்தியா சபைகளுக்கு எழுதின நிருபத்துல ஆவியின் கனின்னு ஒன்பது குணத்தை அடுக்கியிருக்காரு. நீ ஞாயிறு பள்ளில அதை மூச்சு விடாம ஒப்பிச்சு டிபன் பாக்ஸு வாங்கினவன், உனக்கு நான் சொல்ல வேண்டாம். அந்த ஒன்பதுல எதையாவது கதவை அடைச்சுக்கிட்டுத் தனியா உக்காந்து செய்ய முடியுமான்னு பாரு. நீடிய பொறுமைக்கு உன்னைக் காக்க வைக்க ஒரு ஆளு வேணும். சாந்தத்துக்கு உன்னைச் சீண்ட ஒரு ஆளு வேணும். தயவுக்கு, தயவு காட்டத் தகுதியில்லாத ஒரு பய வேணும். அதுக்காகத்தான் ஆண்டவரு உனக்குச் சித்தப்பன்னு ஒருத்தனைக் குடுத்து, அவனையும் பக்கத்து வீட்டுல கொண்டு வச்சிருக்காரு. நீ அவனை விட்டுட்டு மெட்ராஸ்ல முழு இரவு ஜெபத்துல போயித் தேடுத.

சித்தப்பன் பேச்சை எடுத்ததும் மூஞ்சி மாறுது பாரு. சரி, அதுக்குப் பெறகு வருவோம்.

பொறுமைன்னதும் ஞாபகம் வருது. இடையன்குடி கோயிலைப் பாத்திருக்கியா? கல்யாணத்துக்குப் போயிருப்ப, பிரியாணியைப் பாத்திருப்ப. கால்டுவெல் ஐயரு 1841ல அந்த ஊருக்கு வந்தாவ. மெட்ராஸ்ல இருந்து நடந்தே வந்த மனுசன். 1847ல கோயிலுக்கு அஸ்திவாரம் போட்டாவ. பிரதிஷ்டை ஆனது 1880ல. கணக்குப் போடு, முப்பத்து மூணு வருஷம். நடுவுல சும்மா இருக்கல. 1856ல திராவிட மொழிகளோட ஒப்பிலக்கணத்தை எழுதி வெளியிட்டாவ. ஊருக்குத் தெரு போட்டு, பள்ளிக்கூடம் நடத்தினாவ. அவிய வீட்டம்மா எலிசா, நாகர்கோவில்ல இருந்த மால்ட் ஐயரு மக. அந்தம்மா பொம்பளப் பிள்ளைகளுக்குப் படிப்பும் சொல்லிக்குடுத்து, லேஸ் பின்னவும் பழக்கிவிட்டுச்சு. அஸ்திவாரம் போட்ட அன்னைக்குக் கல்லு சுமந்தவன்ல எத்தனை பேரு பிரதிஷ்டைக்கு இருந்திருப்பான்? பிறந்த பிள்ளை வளந்து, கல்யாணம் முடிச்சு, அதுக்குப் பிள்ளை பிறக்கிற காலம் அது.

இப்ப நம்ம கோயிலுக்குக் காம்பவுண்டுச் சுவரு ரெண்டு மாசம் இழுத்ததுக்கு உங்கப்பன் ஐயரை மாத்தச் சொல்லி மனு எழுதினான்.

அந்தப் பக்கம் இடையன்குடின்னா இந்தப் பக்கம் மெஞ்ஞானபுரம். ஜான் தாமஸ் ஐயரு கட்டின கோபுரம், 192 அடி. தேரிக்காட்டுல எங்க நின்னாலும் தெரியும். வழி தெரியாம நிக்கவன் பாத்து நடக்கதுக்கு ஒத்தாசை. ஆனா நம்மாளுக அதையும் விடல. எங்க கோபுரம் பெருசா உங்க கோபுரம் பெருசான்னு கல்யாணப் பந்தில இலைக்கு முன்னால உக்காந்து சண்டை போட்டவங்களை நான் பாத்திருக்கேன். சாம்பாரு ஆறிப்போச்சு. கோபுரத்தைக் கட்டினவனுக்கு அது எத்தனை அடின்னு தெரிஞ்சிருக்கும், எதுக்குன்னும் தெரிஞ்சிருக்கும். நமக்கு அடி மட்டும் தெரியும்.

இனிக் காணிக்கைக்கு வாரேன். போன வருஷம் அறுப்புப் பண்டிகைக்கு நீ வரல, பெரிய கூத்தைத் தவற விட்டுட்ட. ஆராதனை முடிஞ்சு வேப்பமரத்தடில ஏலம். கோழி, பூசணிக்காய், கருப்பட்டிக் கொட்டான், வாழைத்தார் எல்லாம் போயாச்சு. ஒரு முட்டை ஆறு கை மாறி, எடுத்தவன் எடுத்தவன் திரும்பக் குடுத்து, கடைசியா ஒரு கோழிப்பண்ணைக்கு ஆகுற விலைக்குப் போச்சு. அப்பத்தான் ஒரு கட்டு முருங்கைக்காய் வந்துது, பத்து காய். எந்த மரத்துதுன்னு உனக்குத் தெரியும். உங்க வீட்டுக்கும் சித்தப்பன் வீட்டுக்கும் நடுவுல வேலில நிக்குல்லா, அதே மரம். தூரு உங்க பக்கம், கொப்பு அவன் பக்கம். காய் யாருக்குன்னு சண்டை வந்து, ஏழு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல.

உங்கப்பன் இருநூறுன்னான். சித்தப்பன் ஐநூறுன்னான். கூட்டம் கொஞ்சம் நெருங்கி வந்துது. ஆயிரம். ஆயிரத்து ஐநூறு. ஏலம் விட்டவன் முதல்ல சிரிச்சான், பெறகு காயைப் பாத்தான், பெறகு ஐயரைப் பாத்தான். ஐயரு செருப்பு வாரைக் குனிஞ்சு சரி பண்ணிக்கிட்டு இருந்தாவ. ஒரு தரம், ரெண்டு தரம். நாலாயிரத்து ஐநூறுக்கு உங்கப்பன் எடுத்தான். ஆண்டவருக்கு நாலாயிரத்து ஐநூறு வந்துது, அதுல அவருக்கு ஒரு குறையும் இல்ல. அன்னைக்கு ராத்திரி உங்கம்மா அந்தக் காயைப் போட்டுச் சாம்பாரு வச்சா. உங்கப்பன் ரெண்டு துண்டு கடிச்சுட்டு, முத்தலுன்னு ஒதுக்கிட்டான்.

இப்ப எங்கம்மா குடுத்த காணிக்கையச் சொல்லுதேன், கேளு. அவளுக்கு ஏலத்துல நிக்க வக்கு கிடையாது. உலை வைக்கும்போதெல்லாம் அளந்து போட்ட அரிசில இருந்து ஒரு பிடி திரும்ப எடுப்பா. அடுப்படி மூலைல தனியா ஒரு கலயம், அதுல போடுவா. சனிக்கிழமை கலயத்தைத் துணில கவுத்தி முடிஞ்சு வச்சு, ஞாயித்துக்கிழமை கோயில்ல குவியலோட குவியலாத் தட்டிட்டு வருவா. கொட்டின பெறகு எது எந்த வீட்டு அரிசின்னு எவனாலயும் சொல்ல முடியாது. வீட்டுல அரிசி குறைஞ்ச நாளும் உண்டு. அன்னைக்கும் எடுப்பா. நான் சின்னப் பயலா வாசப்படில உக்காந்து அவ கையவே பாத்துக்கிட்டு இருப்பேன். இன்னைக்குப் பிடி சின்னதா இருக்கும்னு ஒரு நப்பாசை. சண்டை போட்ட அன்னைக்குக்கூட அந்தக் கை சுருங்கினது இல்ல. எங்களுக்கு அகப்பைல விழுகிறதுதான் சுருங்கும்.

அந்தப் பிடி அரிசி எங்க போச்சுன்னு நினைக்க? நம்ம பக்கத்து வெள்ளாளன்விளைல 1874ல பிறந்த அசரியா, இன்னும் சில பேரோட சேந்து, 1903ல பாளையங்கோட்டைல இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பிச்சாவ. இந்திய ஆளு, இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். வெள்ளக்காரன் சீமைல இருந்து கப்பலேறி வந்தான்லா, நாம நிஜாம் சீமைக்கு, தோர்ணக்கல் பக்கம் ரயிலேறிப் போவோம்னு கிளம்பிட்டாவ. அந்த மாதிரி ஊழியத்தை எல்லாம் லட்சாதிபதி தாங்கல, இந்த மாதிரி அடுப்படிப் பிடிகதான் தாங்குச்சு. 1912ல அசரியா பிஷப்பு ஆனாவ. ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்தியப் பிஷப்பு. அரிசி எடுத்துவச்ச பொம்பளைக பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்ல.

கல்வெட்டுன்னதும் நம்ம கோயில் ஃபேனு ஞாபகம் வருது. நிமுந்து பாத்திருக்கியா? ஒவ்வொரு இறக்கைலயும் செவப்புப் பெயின்ட்டுல அன்பளிப்பு, இன்னார் குடும்பம்னு எழுதியிருக்கும். ஒரு புண்ணியவான் ஃபேனு குடுத்துட்டு, கோயில்பிள்ளைகிட்ட ஒன்னாம் நம்பர்ல வையின்னு சொல்லிட்டுப் போனாரு. வேகமாச் சுத்தினாப் பேரு தெரியாதாம். சித்திரை மாசம் ஜனம் வேர்த்து ஒழுகுது, அவரு பேரு மட்டும் மெதுவா எங்க தலைக்கு மேல போயிட்டுப் போயிட்டு வந்துது.

இதே சீமைலதான் டோனாவூரும் இருக்கு. ஏமி கார்மைக்கேல் அம்மா 1901ல இருந்து அங்க. நூத்துக்கணக்கான பிள்ளைகளை எடுத்து வளத்த மனுசி. 1931ல கீழ விழுந்ததுல இருந்து, 1951ல கண்ணை மூடுத வரைக்கும், இருபது வருஷம் பெரும்பாலும் கட்டில்தான். நமக்கு ரெண்டு நாளு காய்ச்சல் வந்தா வீட்டுல இருக்கவங்க பூரா நோயாளி ஆயிருவாவ. அந்தம்மா படுத்துக்கிட்டே புஸ்தகம் புஸ்தகமா எழுதித் தள்ளுச்சு. கல்லறைக்குக் கல்லு வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுச்சு. பிள்ளைக என்ன செஞ்சாவ தெரியுமா? பறவை தண்ணி குடிக்க ஒரு தொட்டிய வச்சு, அதுல அம்மான்னு கூப்பிட்ட அந்த ஒரு சொல்லை மட்டும் பொறிச்சாவ. நம்ம ஃபேன்காரரு மட்டும் அதைப் பாத்தா, தொட்டிக்கு உபயம் யாருன்னு கேப்பாரு.

நீ கொட்டாவி விடுத. முக்கியமானதைச் சொல்லிருதேன்.

பனையேறிக் குடும்பத்துப் பிள்ளை நீ, ஐடி கம்பெனிக்குப் போயிட்டாலும். கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவித்தான் பாளைல கட்டணும். தடவினாப் பதநி, தடவலன்னா கள்ளு. நேத்துத் தடவினேனே, போன வாரம் ரெண்டு கோட்டு தடவினேனேன்னு சொன்னா எந்தப் பனையும் கேக்காது. உங்க பூட்டன் ஒவ்வொரு தரம் ஏறும்போதும் தடவினாரு. காலைல எந்திரிச்சு முழங்கால் போட்டு நாலு வார்த்தை ஜெபிக்கதும் அப்படித்தான். கன்வென்ஷன்ல மூணு நாளு அழுததை வச்சு வருஷம் பூரா ஓட்டலாம்னு பாக்காத. அன்னைக்கே புளிச்சிரும், வாடை முதல்ல வீட்டுக்காரிக்குத்தான் தெரியும்.

அவகிட்டத்தான் கேட்டுப் பாரேன், நான் வளந்திருக்கனான்னு. ஐயருகிட்டக் கேக்காத, அவியளுக்கு நீ காணிக்கைக் கவர்ல வார பேரு. வீட்டுக்காரி சொல்லட்டும். அவ கேட்ட உடனே பதில் சொன்னா நல்லது. யோசிச்சா ஆபத்து. சிரிச்சுட்டா அந்தப் பேச்சை அதோட விட்டுரு.

இனிச் சித்தப்பன் பேச்சுக்கு வாரேன், கோயில்ல குடுக்குத சமாதானத்துல இருந்து தொடங்கி. நம்ம தென்னிந்தியத் திருச்சபை 1950ல கொண்டுவந்த நற்கருணை ஆராதனை முறைல ஒரு இடம் உண்டு. ஐயரு பீடத்துல இருந்து சமாதானத்தை ஆரம்பிச்சு வைப்பாவ. அது கைகோத்துக் கைகோத்துப் பெஞ்சு பெஞ்சா வரும். ஒருத்தன் நீட்டின கையை அடுத்தவன் ரெண்டு கையாலயும் பொத்தி வாங்கணும். பெரிய பெரிய நாட்டுச் சபைகளும் நம்மளைப் பாத்து இதைப் பழகினதாச் சொல்லுவாவ. நல்ல ஏற்பாடுதான். நம்மாளுக அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சுட்டாங்க. சமாதானம் வாரதுக்கு முன்னாலயே பெஞ்சு மாறிக்கிருவாங்க. உங்கப்பன் ஏழு வருஷமா இடது பக்கத் தூணுக்குப் பின்னால உக்காருதான். எதுக்கு, காத்து வருதுன்னா? அங்க ஃபேனே கிடையாது.

போன ஞாயித்துக்கிழமை நீ தெரியாத்தனமா மூணாவது பெஞ்சு நடுவுல உக்காந்துட்ட. நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தா தூங்குதேன்னு அர்த்தம் இல்ல. சமாதானம் உன் பக்கமா வந்துது, அடுத்தாப்புல சித்தப்பன். நீ ரெண்டு விரலை நீட்டின. அவன் ரெண்டு விரலைத் தொட்டான். நீ மேல ஃபேனைப் பாத்த, அவன் ஜன்னலைப் பாத்தான். கரன்டு கம்பியத் தொட்ட மாதிரி ரெண்டு பேரும் கையை எடுத்தீங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே அப்பத்துல பங்கு வாங்கினீங்க. கர்த்தருடைய ஜெபத்துல நாங்க மன்னிக்கிறதுபோலன்னு ஒரு இடம் வரும்லா, அங்க உங்கப்பனுக்கு வாரா வாரம் தொண்டை அடைக்கும். அதுக்கு அடுத்தாப்புல எங்க கடன்களை மன்னியும்கிற இடத்துல அவன் குரலு மணி மாதிரிக் கேக்கும்.

வேலி போட்டது உங்கப்பனும் சித்தப்பனும் சேந்துதான், தெரியுமா? கம்பிக்குப் பாதிப் பாதி காசு போட்டான்க. அதுல மட்டும் அவ்வளவு ஒத்துமை. ரெண்டும் நான் பெத்ததுக. எந்தப் பக்கம் காப்பி குடிக்கதுன்னு தெரியாம ரெண்டு பக்கமும் குடிச்சு, சுகர் ஏறிக் கிடக்கேன்.

இன்னும் பெரிய வேலிகளும் இருக்கு. ஒரே ஞானஸ்நானம், ஒரே மேசைம்பான். கல்யாணப் பேச்சு வந்தாக் குரலைத் தாழ்த்தி, அவிய நம்ம ஆளுகதானான்னு கேப்பான். கல்லறைத் தோட்டத்துலயே தனித்தனியாப் பிரிச்சுப் புதைச்ச ஊருகளும் உண்டு. நியாயத்தீர்ப்பு நாள்ல எக்காளம் ஊதினா எந்திரிக்கவன், பக்கத்துக் குழில யாருன்னு விசாரிச்சுட்டுத்தான் எந்திரிப்பான் போல. அந்த வேலியப் பிடுங்க எனக்கு வயசும் இல்ல, பலமும் இல்ல. உனக்கு ரெண்டும் இருக்கு. ஆனா முருங்கை மரத்து வேலிகிட்டயே விரலைச் சுருக்குத பய, அங்க போயி என்னத்தப் பிடுங்குவ?

அதனால பெரிய காரியத்தை எல்லாம் இப்ப விடு. நாளைக்கு மத்தியானம் கோயில்ல அசனம், சபைக்கே சாப்பாடு. இன்னைக்கு ராத்திரி கோயில் வளவுல வெங்காயம் உரிக்க ஆளு வேணும். மூட்டை மூட்டையா வந்து இறங்கியாச்சு, சாக்கு விரிச்சாச்சு. டாக்டரு, வாத்தியாரு, வெளிநாட்டுல இருந்து லீவுல வந்தவன், எல்லாம் ஒரே வரிசைதான். முன்னாலயே வந்தவன் காத்து பாத்து உக்காந்துக்கிடுவான், பிந்தி வாரவனுக்கு இருக்கிற இடம்தான். சித்தப்பன் எப்பவும் கிணத்தடிப் பக்கம் கடைசில உக்காருவான். அவன் பக்கத்துல எப்பவும் ஒரு இடம் காலியா இருக்கும், ஏழு வருஷமாப் பாத்துக்கிட்டு வாரேன். வெங்காயத்துல ஒரு வசதி உண்டு. யாரு எதுக்கு அழுதான்னு எவனும் கேக்க மாட்டான்.

அந்தப் பரண்ல கத்தி இருக்கு, ரெண்டு எடு. ஒண்ணு உனக்கு. அவன் கொண்டாரது மொட்டைக் கத்தி, சின்ன வயசுலயே அப்படித்தான், கத்தி தீட்ட வணங்க மாட்டான். நீயா நீட்டு. வாங்கலன்னா கீழ வச்சிட்டு உன் வெங்காயத்தைப் பாரு. செல்லுல போட்டோ எடுத்துராத, பெறகு ஆமென் எண்ணிக்கிட்டு உக்காந்திருப்ப. சீக்கிரம் போ, எட்டு மணிக்கு மேல போனாத் தேங்காய் துருவத்தான் விடுவாங்க, அந்த இடம் வேற.